யார் பக்கமும் சேராத நாட்டிலிருந்து செஞ்சிக்கு

சென்னைக்கு நான் வந்தது மகளின் கலியாணத்துக்குப் புடவை எடுக்க. அங்கிருந்து செஞ்சிக்குப் போனது ஒரு சாவைச் சொல்ல. "ஆரெண்டே தெரியாத சனத்திட்டப் போய் என்னத்தைச் சொல்லப் போறாய்? உனக்கேன் இந்தத் தேவையில்லாத வேலை?" என்று வடபழனியில் இருக்கும் என் தங்கச்சி திட்டித் தீர்த்தாள். அவள் கேட்டது நியாயம். ஆனாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நான் சுவிட்சர்லாந்தில், பேர்ன் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்தை விட்டுப் போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அகதி விசாரணைகளில் தமிழுக்கும் ஜெர்மனுக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பது என் வேலை. நடுவில் என்றால் சரியான நடுவில். சொன்னதைக் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, முகத்தில் எதையும் காட்டக் கூடாது, வெளியில் அந்த ஆட்களோடு பழகக் கூடாது. நாட்டுக்கும் அதே குணம்தான். யார் சண்டையிலும் சேராது, யாருக்கும் படை அனுப்பாது. அப்படிப்பட்ட நாட்டுக்கு அப்படிப்பட்ட மொழிபெயர்ப்பாளர் என்று நானே பகிடி விடுவதுண்டு.

போன கோடையில் ஒரு தமிழ்நாட்டுப் பையன் விசாரணைக்கு வந்தான். பெயரும் ஊரும் எழுதமாட்டேன். ரஷ்யாவில் கிடங்கு வேலை என்று ஏஜென்ட் அனுப்பியிருக்கிறான். போன இடத்தில் வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வாங்கி, சீருடை மாட்டி, உக்ரைன் எல்லைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே இவனோடு இன்னொரு தமிழன் இருந்தான். ஏழுமலை என்று பெயர், செஞ்சிப் பக்கம். "மேல ஒரு ட்ரோன் வந்துச்சு. ஏழுமலை என் பக்கத்துலயே செத்துட்டான். தூக்கிட்டு வர முடியல" என்று பையன் சொன்னான். நான் அதைக் குரல் நடுங்காமல் ஜெர்மனில் சொன்னேன். அதிகாரி தட்டச்சு செய்துவிட்டு, அதன்பிறகு எந்தத் திசையில் ஓடினீர்கள் என்று கேட்டார்.

விசாரணை முடிந்து ரயிலுக்கு நிற்கும்போது பையன் பின்னாலேயே வந்துவிட்டான். "அக்கா, அவங்க வீட்டுல இன்னும் உயிரோட இருக்கான்னு நெனச்சிட்டிருப்பாங்க. நான் ஃபோன் பண்ணா ஏஜென்ட் ஆளுங்களுக்குத் தெரிஞ்சிரும். நீங்க இந்தியா போனா நேர்ல சொல்லிருங்க. அனந்தபுரம் பக்கம், கன்னியப்பன் மகன்னு கேட்டா காட்டுவாங்க" என்றான். எனக்கு அதற்கு அனுமதியில்லை என்று சொல்லி ரயில் ஏறிவிட்டேன். ஆனால் சென்னையில் கடைக்காரர் ஒவ்வொரு புடவையாக விரித்துப் போட, எனக்கு ஒரு நிறமும் கண்ணில் ஏறவில்லை. யாரோ ஒரு தாயோ தகப்பனோ ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள், உண்மை என் பையில் கிடக்கிறது என்ற எண்ணம் சோறு இறங்க விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை. திண்டிவனத்தில் மாறிய தனியார் பஸ்ஸில் வைப்பர் வேலை செய்யவில்லை. கண்டக்டர் படிக்கட்டில் ஒரு காலை வைத்துத் தொங்கிக்கொண்டு, கையில் துணியோடு முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். டிரைவர் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளாமல் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். பேர்னில் ரயில் நான்கு நிமிடம் பிந்தினால் மன்னிப்புக் கேட்டு அறிவிப்பு வரும். இங்கே கூரை ஒழுகி என் மடியில் தண்ணீர் விழ, பக்கத்துச் சீட்டுப் பெண் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்து மடியில் விரித்துக்கொள்ளச் சொன்னார்.

"நீங்க மலையாளமா?" என்று கேட்டார்.

"இல்லை, யாழ்ப்பாணம்."

"சிலோனா. அதான் பேச்சு ஒரு தினுசா இருக்குது. நல்லாருக்குது, பேசுங்க" என்று அவித்த வேர்க்கடலையை ஒரு கைப்பிடி அள்ளி வைத்தார். நான் எதற்குப் போகிறேன் என்று கேட்டார். சொந்தக்காரரைப் பார்க்க என்றேன். இந்தப் பயணத்தில் அது முதல் பொய்.

செஞ்சிக்கு வந்து இறங்கினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை. யாரோ லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டு மறந்துபோன மாதிரி மலைகள். மழையில் அவை கறுத்துப்போய் நின்றன. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லாட்ஜில் அறை கிடைத்தது. இருட்டியதும் கரண்ட் போய்விட்டது. கீழே ஓட்டலில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இரண்டு பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டேன். நல்ல ருசி. அந்த நிலையிலும் ருசி தெரிந்ததில் எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

ஓட்டல் வாசலில் நின்ற ஆட்டோக்காரரிடம் விசாரித்தேன். சேகர் என்று பெயர், நாற்பது வயதிருக்கும்.

"ரஷ்யாவுக்குப் போன புள்ள ஊடா? கன்னியப்பன் மாமா ஊடு. தெரியாம இன்னா. ஆனா நாளைக்கு இருக்க மாட்டாரு. திங்கக்கெழம ஆச்சின்னா விழுப்புரம் போயிடுவாரு, கலெக்டராபீசுல மனு குடுக்க. வாராவாரம் போறாரு. நீங்க எங்கேர்ந்து வரீங்க?"

"சுவிஸிலேருந்து."

நான் மேலே எதுவும் சொல்வதற்கு முன் மனுஷன் ஃபோனை எடுத்துவிட்டார். "மாமா, சுவிஸ்லேர்ந்து ஒரு அம்மா வந்துருக்காங்க. உங்க ஏழுமல விசயமாத்தான். ஆமா, நேர்லயே வந்துருக்காங்க" என்று கத்தினார். பிறகு ஃபோனைப் பொத்திக்கொண்டு, "செவ்வாக்கெழம மத்தியானம் சாப்பாட்டுக்கே வந்துரச் சொல்றாரு. குரல் நடுங்குது, பாவம், சந்தோசத்துல" என்றார்.

சாவு சொல்லப் போகிறவளை விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்போதே சேகரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் அதையும் ஃபோனில் கத்துவார் என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை முழுவதும் கையில் இருந்தது. அறையில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று கோட்டைக்குப் போனேன். ராஜகிரி உச்சிக்கு ஏறலாம் என்று நினைத்தால் பாதியிலேயே காவலாளி தடுத்துவிட்டார். "மழையில மேல உடறதில்லம்மா. வழுக்குது. போன வாட்டி ஒருத்தர் காலு ஒடச்சிக்கினாரு" என்றார். கீழே நெற்களஞ்சியத்தையும் குளத்தையும் சுற்றிச் சுற்றி வந்தேன். களஞ்சியத்துக்குள் பேசினால் குரல் திரும்பி வருகிறது. கல்லூரிப் பெண்கள் சிலர் உள்ளே நின்று ஒருத்தி பெயரை ஒருத்தி கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி குடையோடு நின்றார்கள். ஜெர்மனில் பேசினார்கள், எனக்குப் புரியாது என்ற தைரியத்தில். "இத்தனை ராஜாக்கள் கைமாறிய கோட்டை. யாருக்குமே நிலைக்கவில்லை" என்றார் கணவர். "நிலைத்தவர்கள் கீழே இருந்திருப்பார்கள். யார் மேலே இருந்தாலும் அரிசி கொண்டுபோய்க் கொடுத்தவர்கள்" என்றாள் மனைவி. அவர்களோடு கதைக்கலாமா என்று நினைத்தேன், மனம் வரவில்லை.

அந்தப் பெண் சொன்னதையே யோசித்துக்கொண்டு ஈரப் படியில் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கோட்டையை வருடக்கணக்கில் முற்றுகையிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே ஒரு படை, வெளியே ஒரு படை. சுற்றியிருந்த கிராமங்கள் இரண்டுக்கும் நெல் அளந்திருக்கும். நாங்கள் நடுநிலை, எங்களை விட்டுவிடுங்கள் என்று சொல்ல அந்த ஊர்களால் முடிந்திருக்காது. நடுநிலை என்று சொல்லவே ஒரு வசதி வேண்டும். மலை வேண்டும், பணம் வேண்டும், துவக்கு வேண்டும், அதுதான், துப்பாக்கி. சுவிட்சர்லாந்திடம் மூன்றும் இருக்கிறது. இது எனக்கு அங்கே போன புதிதில் தெரியாது.

தெரியவைத்தது என் மகன். பத்தொன்பது வயதில் அவனைக் கட்டாய ராணுவப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். முதல் லீவில் சீருடையோடு வீட்டுக்கு வந்தான், தோளில் துவக்கு. அங்கே அது சாதாரணம், சனிக்கிழமை ரயிலில் பாதிப் பையன்கள் அப்படித்தான் வருவார்கள். நான் துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி ஓடிவந்தவள். என் வீட்டுப் படியில் என் பிள்ளை துவக்கோடு நிற்கிறான். கதவைச் சாத்திவிட்டேன். "அம்மா, நடுநிலை நாடு எண்டாலும் காவல் வேணும்தானே" என்று வெளியே நின்று கெஞ்சினான். கடைசியில் அதைக் கீழே நிலவறையில், அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தான். அந்த நிலவறையே ஒரு பதுங்குகுழிதான். குண்டு விழுந்தாலும் தாங்குகிற கதவு. நாங்கள் அதில் உருளைக்கிழங்கும் மிளகாய்த்தூளும் வைத்திருக்கிறோம்.

உண்மையைச் சொல்கிறேன், நடுநிலை என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும். எங்கள் ஊரில் குண்டு விழுந்தபோது எத்தனையோ நாடுகள் இரு தரப்பும் நிதானம் காக்க வேண்டும் என்று அறிக்கை விட்டன. பங்கருக்குள் உட்கார்ந்து ரேடியோவில் அதைக் கேட்டிருக்கிறேன். அதே நேரம், எனக்குச் சோறு போட்டது யார் சண்டையிலும் சேராத ஒரு நாடுதான். அது சண்டையில் இறங்கியிருந்தால் என் மகன் இப்போது எங்கே நிற்பான் என்று யாருக்குத் தெரியும். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மழை வலுத்தது, ஒரு குரங்கு என் பையிலிருந்த வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போயிற்று, நானும் எழும்பி லாட்ஜுக்கு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை சேகர் சொன்ன நேரத்துக்கு முந்தியே வந்துவிட்டார். ஆட்டோவைத் துடைத்து ஊதுபத்தி கொளுத்தியிருந்தார். வழி நெடுக வயலில் தண்ணீர் நின்றது. அனந்தபுரம் தாண்டிச் சிறிது தூரத்தில் ஏரிக்கரையை ஒட்டி ஒரு தெரு. ஆட்டோ போகாத சேறு என்பதால் கரையில் இறங்கி நடந்தேன். தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார்கள். ஒரு பெண் கும்பிட்டார். எனக்குக் கால் கூசியது.

சிமெண்ட் வீடு, முன்னால் தகரக் கூரை போட்ட வாசல். கன்னியப்பன் வெள்ளை வேட்டி சட்டையில் நின்றார். அறுபது வயது இருக்கும், மெலிந்த உடம்பு, ஷேவ் செய்த முகம் பளபளத்தது. மனைவி இல்லை, காலமாகிவிட்டார். வீட்டில் இவரும் மருமகள் கௌசல்யாவும்தான். ஏழுமலைக்கும் கௌசல்யாவுக்கும் கலியாணமாகி ஒரு வருடம் ஆவதற்குள் அவன் ரஷ்யாவுக்குப் போய்விட்டான். அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். செஞ்சியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. மாமனார் வாராவாரம் கொண்டுபோகிற மனுவை டைப் அடிப்பதும் அவள்தான். கழுத்தில் தாலிக் கயிறு புது மஞ்சளோடு இருந்தது.

"உக்காருங்கம்மா. மழையில வந்துருக்கீங்க. செவ்வாக்கெழம, இல்லாங்காட்டி கோழி அடிச்சிருப்பேன். கோவிச்சிக்காதீங்க" என்றார் கன்னியப்பன்.

வாழையிலையில் சோறு, சாம்பார், முருங்கைக்கீரை, உருளைக்கிழங்கு வறுவல், வடை. ஓரத்தில் ஒரு டம்ளர் பாயசம். எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சொதியையும் சம்பலையும் தவிர எதைச் சாப்பிட்டாலும் குறை சொல்கிற வாய் இது. அன்றைக்கு வாயே திறக்கவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் வாக்கியத்தை அடுக்கினேன். தமிழில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஜெர்மனில்தான் அது எனக்குப் பழகியிருந்தது.

அவர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"உங்க நாட்டப் பத்தி எல்லாம் தெரிஞ்சி வச்சிருக்கேன். டிவியில பாக்கறேன். யாரு சண்டையிலயும் சேராத நாடு. சண்ட போட்டுக்கிறவன் ரெண்டு பேரும் அங்க வந்துதான் ஒக்காந்து பேசுவான். யாரு யார புடிச்சி வச்சிருக்கான்ற வெவரம் எல்லாம் அங்கதான் வருமாம். அதான், ஒரு நாளு அங்கேர்ந்து ஆளு வரும்னு நெனச்சிக்கினே இருந்தேன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த மனுஷன் என்னைக் கைதி விவரம் கொண்டுவந்த ஆள் என்று நினைத்திருக்கிறார்.

"ஐயா, நான் அரசாங்க ஆள் இல்லை" என்றேன்.

"தெரியும்மா. வெளிய சொல்லக்கூடாது. அதுவும் தெரியும்" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நம்ம நாடும் அப்பிடித்தானே. இவன்கிட்டயும் பேசுது, அவன்கிட்டயும் பேசுது. யாருக்கும் பட்டாளம் அனுப்பல. அப்ப எம்புள்ள யாருக்கு எதிரி சொல்லுங்க? எவன் புடிச்சி வச்சிருந்தாலும் இந்தியாக்காரன்னு தெரிஞ்சா சோறு போட்டு வச்சிருப்பான். சண்ட நின்னுச்சின்னா மொத அவனத்தான் உடுவாங்க. நான் சொல்றது சரிதானே?"

"மாமா, அவங்க சாப்பிடட்டும்" என்றாள் கௌசல்யா.

"சாப்பிடட்டும், நான் இன்னா கையப் புடிச்சிக்கினா இருக்கேன்" என்று சிரித்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. மேலே இருந்து பார்க்கிற ட்ரோனுக்குச் சட்டை நிறம்தான் தெரியும், பாஸ்போர்ட் தெரியாது. உங்கள் நாடு யார் பக்கமும் இல்லை ஐயா, ஆனால் உங்கள் பிள்ளை போட்டிருந்த சட்டை ஒரு பக்கத்துச் சட்டை. இதை இவரிடம் யாரும் சொல்லவில்லை. வாராவாரம் மனுவை வாங்கிக்கொண்டு, இரண்டு நாடுகளோடும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அது பொய்யும் இல்லை. இவர் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் உயிர் வாழ்ந்திருக்கிறார்.

"நீங்க அடையாளம் கேப்பீங்கன்னு யோசிச்சி வச்சிருக்கேன்" என்றார். "எடது புருவத்துல ஒரு தழும்பு இருக்கும், குறுக்கால. சின்னதுல கோட்டையில ஏறி வெளாடறப்ப உழுந்து கிழிச்சிக்கினான். 'நைனா, அடிக்காத'ன்னு ரத்தத்தோட ஓடியாந்தான்."

அந்தத் தழும்பைப் பற்றி விசாரணையிலேயே என் காதால் கேட்டிருக்கிறேன். கூட இருந்தவரை எப்படி அடையாளம் சொல்வீர்கள் என்று அதிகாரி கேட்க, இடது புருவத்தில் குறுக்காக ஒரு தழும்பு என்று அந்தப் பையன் சொன்னான். நான்தான் மொழிபெயர்த்தேன். வேறு யாராவது ஏழுமலையாக இருக்கக்கூடும் என்று அதுவரை எனக்குள் ஒரு மூலையில் வைத்திருந்தேன். அதுவும் போய்விட்டது.

இத்தனை வருட வேலையில் பழகிய முகம் அல்லவா, ஒன்றும் காட்டவில்லை. "சொன்னது நல்லது ஐயா" என்று மட்டும் சொன்னேன். பாயசத்தைக் குடித்தேன். இலையை மடித்தேன். இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. கௌசல்யா செம்பில் தண்ணீர் ஊற்ற, கை கழுவினேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். செருப்பை மாட்டினேன், தெருவில் இறங்கினேன், சேற்றில் வழுக்கி வழுக்கி ஏரிக்கரைக்கு நடந்தேன். திரும்பியும் பார்க்கவில்லை.

ஆட்டோ கிளம்பவில்லை. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது என்று சேகர் எதையோ கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். "அஞ்சே நிமிசம்மா. இன்னா சொன்னாரு மாமா? சந்தோசமா?" என்றார். அதற்குள் கௌசல்யா குடை இல்லாமல் ஓடி வந்தாள். ஏதோ மறந்துவிட்டேன், கொண்டுவருகிறாள் என்று நினைத்தேன். அவள் கையில் ஒன்றும் இல்லை.

"அக்கா, சொல்லிக்காமலே வந்துட்டீங்களே" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"போயிட்டு வரேன்னு சொல்லாம எழுந்து வந்துட்டீங்க. நான் பின்னாடியே வாசல் வரைக்கும் வந்தேன், திரும்பிக்கூடப் பாக்கல. எங்க ஊருல சாவு ஊட்டுலேர்ந்துதான் அக்கா அப்பிடிக் கெளம்புவாங்க." மூச்சு வாங்கியது அவளுக்கு. என் முகத்தையே பார்த்தாள். "உங்க ஊருலயும் அப்பிடித்தானா?"

எங்கள் ஊரிலும் அப்படித்தான். செத்த வீட்டில் யாரும் 'போயிட்டு வாறன்' என்று சொல்லி எழும்புவதில்லை. பேசாமல் எழும்பி நடந்துவிட வேண்டும். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ வீடுகளிலிருந்து அப்படி நடந்திருக்கிறேன். வாயை அடக்கத் தெரிந்த எனக்குக் காலை அடக்கத் தெரியவில்லை. உள்ளே ஒரு சாவு இருக்கிறது என்று தெரிந்த கால், அதன் பழக்கத்தில் நடந்துவிட்டது.

"ஓம்" என்றேன். "எங்கட ஊரிலயும் அப்பிடித்தான்."

அவள் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சேகர் கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

"யாராவது பாத்தாங்களா?"

"பக்கத்தில நிண்ட பெடியன் பாத்தவன். தமிழ்ப் பெடியன்தான். புருவத்துத் தழும்பும் சொன்னவன்."

"பொதச்சாங்களா?"

"தெரியாது அம்மா. தூக்கிக்கொண்டு வர ஏலாமப் போச்சாம்."

ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "அவரு யாரையாச்சும் சுட்டாராக்கா?" என்று கேட்டாள். "நம்ம நாடு யாருக்கும் எதிரி இல்லன்னு மாமா சொல்லிக்கினே இருக்காரு. இவரு போயி யாரு ஊட்டுப் புள்ளையயாவது..."

என் வேலையில் எத்தனையோ கேள்விகளை மொழிபெயர்த்திருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை எந்த அதிகாரியும் கேட்டதில்லை. இல்லை என்று சொல்லத்தான் ஆசைப்பட்டேன். "குண்டுப் பெட்டி தூக்கிற வேலை எண்டு அந்தப் பெடியன் சொன்னவன். வேற ஒண்டும் சொல்லேல்லை" என்றேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. அழாமல் நின்றது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது, நான்தான் அழுதேன்.

"அழாதீங்க. மாமா கரைக்கு வந்துட்டாருன்னா பாத்துடுவாரு" என்றாள். "அவருகிட்ட நான் சொல்லிக்கிறேன். இன்னிக்கு வேணாம். விடியக்காலத்துலேர்ந்து ஒக்காந்து வட சுட்டவரு. இன்னிக்கு ஒரு நாளு தூங்கட்டும். நீங்க திரும்பி வந்து, போயிட்டு வரேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்கக்கா. மறந்துட்டேன்னு சொல்லுங்க."

மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை. இத்தனை வருடம் ஒரு சொல்லைக் கூட்டினவளில்லை. அன்றைக்குக் கூட்டுவதற்காகத் திரும்பி நடந்தேன். கௌசல்யா எனக்கு முன்னால் போய், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகப் பாத்திரம் எடுக்கிற மாதிரி உள்ளே போனாள்.

கன்னியப்பன் தகரக் கூரைக்கு வெளியே, மழையில் நின்றார். வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"ஐயா, சொல்ல மறந்திட்டன். போயிட்டு வாறன்" என்றேன். சிரிக்கவும் செய்தேன்.

வழக்கமாகச் சொல்ல வேண்டிய 'போயிட்டு வாங்க'வுக்காக நான் காத்து நின்றேன்.

"அப்பிடிச் சொல்லாதீங்கம்மா" என்றார். "மொத எழுந்து போனீங்களே, அதான் மொற."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"ரூமுக்குப் போனதும் தலைக்கு ஊத்திக்கிங்க. மழையாச்சேன்னு உட்டுடாதீங்க. சாவு ஊட்டுக்கு வந்துட்டுப் போறீங்க" என்றார்.

கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். சொல்லிக்கொள்ளாமல் நடந்தேன்.